மச்சம், மோதிரம், வீட்டுப் பாட்டு: பிரிந்தவர் சேரும் கதை எங்கிருந்து வந்தது?

கேள்வி இது: "சின்ன வயதில் பிரிந்துபோன அண்ணன் தம்பிகள், பல வருடம் கழித்து ஒரு மச்சத்தாலோ டாலர் சங்கிலியாலோ குடும்பப் பாட்டாலோ ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். இந்த உத்தியை முதலில் ஆரம்பித்தது யார்? இந்திப் படங்களா? கதை எழுதுகிறவர்களின் சோம்பல்தானே இது?"

சோம்பல் என்ற குற்றச்சாட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தக் குற்றச்சாட்டுக்கே ஏறக்குறைய 2,400 வயது ஆகிறது.

கி.மு. 458-இல் ஏதென்ஸில் ஈஸ்கிலஸின் நாடகம் ஒன்று அரங்கேறியது. கொலையுண்ட தந்தையின் சமாதிக்கு மகள் எலெக்ட்ரா வருகிறாள். அங்கே யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு கற்றை முடி கிடக்கிறது. தன் முடியைப் போலவே இருக்கிறது. பக்கத்தில் காலடித் தடம். தன் பாதத்தோடு பொருந்துகிறது. நாடுகடந்து போன தம்பி ஒரெஸ்டீஸ் திரும்பிவிட்டான் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பிறகு அவனே வந்து, அவள் கையால் நெய்த துணியைக் காட்டுகிறான்.

சில பத்தாண்டுகள் கழித்து யூரிபிடீஸ் அதே கதையை எடுத்தார். இம்முறை ஒரு கிழவர் அந்த முடியை எடுத்துக்கொண்டு வந்து, "உன் முடியோடு வைத்துப் பாரம்மா" என்கிறார். எலெக்ட்ரா ஒவ்வொன்றாக மறுக்கிறாள். மல்யுத்தக் களத்தில் வளர்ந்த ஆணின் முடியும், சீப்பு வாரி வளர்ந்த பெண்ணின் முடியும் எப்படி ஒன்றாக இருக்கும்? ஆணின் பாதமும் பெண்ணின் பாதமும் ஒரே அளவா? பாறையில் தடம் எப்படி விழும்? அவன் போகும்போது நான் சிறுமி. அப்போதே துணி நெய்திருந்தாலும், உடம்போடு சேர்ந்து சட்டையும் வளர்ந்தால் அல்லவா அவன் இன்றைக்கும் அதை உடுத்தியிருக்க முடியும்? இன்று படம் பார்த்துவிட்டு நாம் கேட்கிற கேள்விகளெல்லாம் அப்போதே மேடையில் கேட்கப்பட்டுவிட்டன. ஆனால் இத்தனையும் கேட்ட யூரிபிடீஸ் கடைசியில் என்ன செய்தார்? ஒரெஸ்டீஸின் புருவத்தருகே ஒரு தழும்பைக் காட்டினார். சின்ன வயதில் அக்காவோடு மான்குட்டியைத் துரத்தி ஓடி விழுந்தபோது பட்ட காயம். அதைப் பார்த்ததும் எலெக்ட்ரா ஒப்புக்கொள்கிறாள். அடையாளமே வேண்டாம் என்று அவர் முடிவு செய்யவில்லை. சேர்ந்து விளையாடிய ஒரு நாளின் நினைவு ஒட்டியிருக்கும் அடையாளத்தைத் தேடி எடுத்தார். இந்த உத்தியின் வரலாறு முழுக்க இந்தத் தேடல்தான் என்பது என் கருத்து.

அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் ஓர் அத்தியாயத்தையே இதற்கு ஒதுக்கியிருக்கிறார். தழும்பு, கழுத்தணி போன்றவற்றால் அடையாளம் காண்பதுதான் கலை குறைந்த வழி, வேறு வழி தோன்றாதபோதுதான் பெரும்பாலும் இதைக் கையாள்கிறார்கள் என்கிறார். பலர் இத்தோடு மேற்கோளை நிறுத்திவிடுவார்கள். அடுத்து அவர் சொல்வது இன்னும் முக்கியம். ஒரே தழும்பை நன்றாகவும் கையாளலாம், மோசமாகவும் கையாளலாம் என்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் ஹோமரின் காவிய நாயகன் ஒடிசியஸின் கால் தழும்பு.

இருபது வருடம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வந்திருக்கிறான் ஒடிசியஸ். விருந்தாளியின் காலைக் கழுவும்படி கிழத் தாதி யூரிக்லியாவிடம் சொல்கிறார்கள். அவனை வளர்த்தவள் அவள்தான். அவன் சட்டென்று வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி இருட்டுப் பக்கம் திரும்பி உட்காருகிறான். பயனில்லை. தடவிக் கழுவும் கைக்கு வெளிச்சம் எதற்கு? விரல் தழும்பில் பட்டதும் அவள் பிடியிலிருந்து கால் நழுவுகிறது. வெண்கலப் பாத்திரம் சாய்கிறது. தண்ணீர் தரையில் ஓடுகிறது. கை பட்டதற்கும் கால் நழுவியதற்கும் நடுவே ஹோமர் கதையை நிறுத்தி, பர்னாசஸ் மலையில் பன்றி வேட்டையில் அந்தக் காயம் பட்ட கதையை எழுபது வரிக்கு மேல் சொல்கிறார். அதே ஒடிசியஸ் பின்னால் பன்றி மேய்ப்பவனிடமும் மாடு மேய்ப்பவனிடமும் கந்தலை விலக்கி, "இதோ பார் தழும்பு" என்று தானே காட்டுகிறான். முன்னது நன்று, பின்னது சுமார் என்பது அரிஸ்டாட்டிலின் தீர்ப்பு. தானாக வெளிப்படும் அடையாளத்துக்கும் சாட்சிக்கென்று எடுத்து நீட்டும் அடையாளத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. நம் படங்களில் எது மனதில் நிற்கிறது, எது நிற்பதில்லை என்று நினைத்துப் பார்த்தால் இந்த அளவுகோல் இன்றைக்கும் செல்லுபடியாகும்.

இந்தியாவுக்கு வருகிறேன். மச்சத்தால் ஆளைக் கண்டுபிடிக்கும் கதை எங்கே என்று கேட்டால், நான் காட்டுவது மகாபாரதத்துக்குள் இருக்கும் நளன் கதையை. எங்கள் பாட்டி ஏழரைச் சனி நடந்தவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் இந்தக் கதையைப் படித்துச் சொல்வார். அப்போது எனக்கு அது கிரகதோஷத்துக்கான மருந்து, அவ்வளவுதான். வளர்ந்து மூலக்கதையைத் தேடிப் படித்தபோதுதான் அதில் எத்தனை நுட்பமான அடையாளக் காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன என்று தெரிந்தது.

நளனைப் பிரிந்த தமயந்தி சேதி நாட்டு அரண்மனையில் யாரென்று சொல்லாமல் பணிப்பெண்ணாக இருக்கிறாள். அவளைத் தேடி விதர்ப்ப மன்னன் அனுப்பிய சுதேவன் என்ற அந்தணர் அங்கே வருகிறார். அவளுக்குப் பிறவியிலேயே புருவங்களுக்கு நடுவில் ஒரு மச்சம் உண்டு. அது இப்போது அழுக்கும் புழுதியும் படிந்து, மேகம் மூடிய நிலாவைப் போல மறைந்து கிடக்கிறது. அவர் அதைச் சொன்னதும், அங்கிருந்த இளவரசி சுனந்தை அந்த அழுக்கைத் துடைத்துவிடுகிறாள். மச்சம் தெரிகிறது. அடுத்து, ராஜமாதா அழுதுகொண்டே சொல்கிறாள்: நீ என் தங்கை மகள்! இத்தனை நாள் தன் வீட்டில் வேலை செய்தவள் சொந்தப் பெண் என்பது, முகத்தைத் துடைத்த பிறகுதான் தெரிகிறது.

நளனுக்கு இந்த வழி உதவாது. கார்க்கோடகன் தீண்டி அவன் உருவமே மாறிவிட்டது. நிறம் இல்லை, உயரம் இல்லை, அழகு இல்லை. வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாகவும் சமையல்காரனாகவும் இருக்கிறான். உடம்பில் ஓர் அடையாளமும் மிச்சமில்லாத மனிதனை எப்படிக் கண்டுபிடிப்பது? தமயந்தி தோழி கேசினியை அனுப்பி, அவன் சமைத்ததில் கொஞ்சம் எடுத்துவரச் சொல்கிறாள். வாயில் வைக்கிறாள். முன்பு எத்தனையோ முறை அவன் கையால் உண்டவள் அவள். தெரிந்துவிடுகிறது. பிறகு இரண்டு குழந்தைகளையும் அவனிடம் அனுப்புகிறாள். அவன் அணைத்துக்கொண்டு அழுகிறான். "என் குழந்தைகளைப் போலவே இருக்கிறார்கள், அதனால்தான்" என்று கேசினியிடம் சாக்குச் சொல்கிறான். மச்சம் உடம்பின் அடையாளம், கைப்பக்குவம் ஆளின் அடையாளம். உடம்பைக் கார்க்கோடகன் மாற்றலாம், கைப்பக்குவத்தை மாற்ற முடியவில்லை. நாம் இன்றைக்கும் நளபாகம் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் ஒரு மனைவி கணவனைக் கண்டுபிடித்த காட்சியும் அடங்கியிருக்கிறது.

மோதிரத்துக்கு வருவோம். பாலி ஜாதகக் கதைகளில் ஏழாவது கட்டஹாரி ஜாதகம். காட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே விறகு பொறுக்கும் பெண்ணோடு அரசன் பிரமதத்தன் கூடுகிறான். பெயர் பொறித்த மோதிரத்தைக் கொடுத்து, "பெண் பிறந்தால் இதை விற்று வளர்த்துக்கொள், ஆண் பிறந்தால் மோதிரத்தோடு அவனை என்னிடம் கொண்டுவா" என்கிறான். ஆண் பிறக்கிறது. அவள் சபைக்கு வருகிறாள். அரசனுக்குத் தெரிகிறது, ஆனால் எல்லோர் முன்னிலையிலும் வெட்கம். பிள்ளை என்னுடையதில்லை என்கிறான். மோதிரத்தை நீட்டுகிறாள். மோதிரமும் என்னுடையதில்லை என்கிறான். இனி அவளிடம் சாட்சி எதுவுமில்லை. "இவன் உங்கள் பிள்ளை என்பது சத்தியமானால் வானத்தில் நிற்கட்டும்; இல்லையென்றால் விழுந்து சாகட்டும்" என்று காலைப் பிடித்துக் குழந்தையை மேலே வீசுகிறாள். குழந்தை ஆகாயத்தில் சம்மணமிட்டு அமர்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அடையாளப் பொருள் என்னதான் அசலாக இருந்தாலும், ஒப்புக்கொள்ள வேண்டியவன் ஒப்புக்கொண்டால்தான் அது அடையாளம் என்பதை இந்தச் சின்னக் கதை அப்போதே சொல்லிவிட்டது.

சகுந்தலை கதையும் இதே கேள்வியைத்தான் சுற்றி வருகிறது. மகாபாரத வடிவத்தில் மோதிரமே கிடையாது, துர்வாசர் சாபமும் கிடையாது. துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்று சபையில் தெரியாதவன் போல நடிக்கிறான். அசரீரி வந்து சொன்ன பிறகு ஏற்றுக்கொள்கிறான். காளிதாசர்தான் சாபத்தையும், மோதிரத்தையும், அது ஆற்றில் நழுவி மீன் வயிற்றுக்குப் போவதையும் சேர்த்தார். நாடகத் தலைப்பிலேயே உள்ள 'அபிஞ்ஞான' என்ற சொல்லுக்கு அடையாளம் கண்டுகொள்ளுதல், அடையாளப் பொருள் என்று பொருள். இந்த மாற்றத்தால் பொய் சொன்ன அரசன், மறந்துபோன அரசன் ஆகிறான். நாயகனைக் காப்பாற்றிவிட்டார் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் மோதிரம் கையில் கிடைத்த பிறகு சேர்வது நடக்கவில்லை, துயரம்தான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மோதிரம் நினைவைக் கொண்டுவருகிறது, சகுந்தலையைக் கொண்டுவரவில்லை. அவன் அவளை மறுபடி பார்ப்பதற்குள் பிள்ளை சிங்கக்குட்டியின் பல்லை எண்ணும் வயதுக்கு வளர்ந்துவிடுகிறான்.

காளிதாசருக்குப் பிறகு இது சமஸ்கிருத நாடகத்தில் நன்றாக வேர்பிடித்துவிட்டது. ஹர்ஷரின் ரத்னாவளியில் சிங்கள இளவரசி கப்பல் உடைந்து கரை சேர்ந்து, சாகரிகை என்ற பெயரில் அரண்மனைப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். கழுத்தில் கிடக்கும் மணிமாலைதான் அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

தமிழில் இதற்கு நேரான உதாரணம் சீவக சிந்தாமணி. அரசன் சச்சந்தன் கொல்லப்பட, நிறைமாதக் கர்ப்பிணி விசயை மயிற்பொறியில் பறந்து சுடுகாட்டில் இறங்கிப் பிள்ளை பெறுகிறாள். அரசனின் பெயர் பொறித்த மோதிரத்தைக் குழந்தைக்கு அணிவித்துவிட்டு மறைந்து நிற்கிறாள். தன் இறந்த குழந்தையை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன் அந்தப் பிள்ளையை எடுக்கிறான். குழந்தை தும்மியபோது 'சீவ' என்ற வாழ்த்தொலி கேட்டதால் சீவகன் என்று பெயர். ஒரு கையால் செத்த பிள்ளையை இறக்கி வைத்து மறு கையால் உயிருள்ள பிள்ளையை எடுக்கிறவனுக்கு மோதிரம் என்ன சொல்லியிருக்கும்? இது யார் வீட்டுப் பிள்ளை என்பதையும், இது என்றைக்கும் முழுக்க உன் பிள்ளை ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கும்.

கர்ணனை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட குழந்தை என்பது அவனுக்கு மட்டும் உரிய கதையல்ல. அக்காத் நாட்டு அரசன் சார்கோனைத் தாய் நாணல் கூடையில் வைத்துக் கீல் பூசி ஆற்றில் விட்டாள் என்று களிமண் பலகைகள் சொல்கின்றன; நீர் இறைப்பவன் அக்கி எடுத்து வளர்த்தான். மோசேயின் பேழைக்கும் கீலும் பிசினும் பூசியிருந்தது. கர்ணனின் பெட்டிக்கு மெழுகு. ஆனால் அடையாளம் என்று பார்த்தால் கர்ணன் தனி ரகம். அவனுடைய அடையாளம் உடம்போடு ஒட்டிப் பிறந்த கவசமும் குண்டலமும். அரங்கேற்ற மைதானத்தில் அதைப் பார்த்தவுடனே குந்தி மயங்கி விழுகிறாள். தாய்க்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, மகனுக்குத் தெரியாது. பிறகு அந்தக் கவச குண்டலத்தையும் இந்திரன் யாசித்துக்கொண்டு போய்விடுகிறான்.

வியாச பாரதத்தில் குந்தி கர்ணனிடம் வரும்போது அடையாளச் சோதனை எதுவும் இல்லை. கண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டான், மேலே இருந்து சூரியனும் சொல்கிறான். வில்லிபுத்தூரார் தமிழில் பாடியபோது அங்கே ஒரு துகிலைக் கொண்டுவந்தார். தாய் என்று பொய் சொல்லி வந்த பெண்கள் பலர். அவர்களில் யார் உடுத்தினாலும் எரித்துவிடும் தெய்வத் துகில் அது. குந்தி எடுத்து உடுத்துகிறாள், எரியவில்லை. வட ஆற்காட்டுப் பக்கம் கர்ண மோட்சம் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவன் நான். குந்தி வரும் இடத்தில், பாதித் தூக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் எழுந்து உட்காருவார்கள். ஊரறியப் பெற்றெடுத்தவள் அல்ல, சாட்சிக்கு ஒருவரும் இல்லை, கவசமும் போய்விட்டது. இந்த நிலையில் ஒரு தாய் என்ன காட்டித் தன்னைத் தாய் என்பாள் என்ற கேள்விக்கு வில்லி கொடுத்த பதில் அந்தத் துகில். மூலத்தில் இல்லாத ஒன்றைத் தமிழ்க்கவி சேர்த்தது கதையை நீட்ட அல்ல. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சோதனை தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன்.

கிரேக்கத்தில் இது ஒரு தொழிலாகவே ஆனது, நகைச்சுவை நாடகங்களில். மெனாண்டரின் ஒரு நாடகத்தில் ஆடு மேய்ப்பவன் காட்டில் குழந்தையைக் கண்டெடுக்கிறான். கரி சுடுகிறவன் ஒருவன் அதை வாங்கிக்கொள்கிறான். குழந்தையோடு கிடந்த நகைகள் யாருக்கு என்று சண்டை. வழியில் போன பெரியவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அவர்தான் அந்தக் குழந்தையின் தாத்தா, அது அவருக்கே தெரியாது. கரி சுடுகிறவன் வாதாடுவதைக் கேளுங்கள்: இந்த நகைகள் எனக்கல்ல, இந்தப் பிள்ளைக்கு. நாடகங்களில் பார்த்ததில்லையா ஐயா, கிழ மேய்ப்பன் ஒருவன் அடையாளப் பையைக் கொடுத்ததால்தானே நீலியஸும் பீலியஸும் தங்கள் பிறப்பைத் தெரிந்துகொண்டார்கள்? அதை விற்றுத் தின்றிருந்தால் அவர்கள் யாரென்றே தெரியாமல் போயிருக்கும் அல்லவா? நாடகப் பாத்திரமே பழைய நாடகத்தை மேற்கோள் காட்டி உத்தியைக் காப்பாற்றுகிறது. நூற்றாண்டுகளாகத் தொலைந்து கிடந்த இந்த நாடகத்தின் பெரும்பகுதி 1905-இல் எகிப்தில் ஒரு பாப்பிரஸ் ஏட்டில் கிடைத்தது.

ரோமில் பிளாட்டஸ் இன்னும் பொடிப்பொடி விவரங்களுக்குப் போனார். அவருடைய ஒரு நாடகத்தில் கடலில் கப்பல் உடைந்து கரை சேர்ந்த பெண்ணின் பெட்டி ஒரு செம்படவன் வலையில் சிக்குகிறது. பெட்டி அவளுடையதுதானா? பார்க்காமல் உள்ளே இருப்பதைச் சொல்லட்டும் என்கிறார்கள். அவள் சொல்லிக்கொண்டே போகிறாள்: ஒரு சின்னத் தங்க வாள், அதில் அப்பா பெயர் பொறித்திருக்கும். ஒரு சின்னக் கோடரி, அதில் அம்மா பெயர். ஒரு வெள்ளி அரிவாள், கோத்த இரு கைகள், ஒரு குட்டிப் பன்றி. பிறந்தநாளுக்கு அப்பா கொடுத்த தங்கக் குமிழ். பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கிழவருடைய பெயர்தான் வாளில் இருக்கிறது. இன்னொரு நாடகத்தில் சிறுவயதில் குரங்கு கடித்த இடதுகைத் தழும்பு வேலை செய்கிறது. குரங்கு கடித்த தழும்பு என்றதும் நம் ஊர்க் கதை போலவே இல்லையா?

இப்படி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்து, கிரேக்க நாடகத்திலிருந்துதான் சமஸ்கிருத நாடகம் இதை எடுத்தது என்று 1882-இல் எர்ன்ஸ்ட் விண்டிஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதினார். 1890-இல் பிரெஞ்சு அறிஞர் சில்வான் லெவி அதை மறுத்தார். நான் லெவி பக்கம். மகாபாரதத்திலேயே மச்சமும் கைப்பக்குவமும் இருக்க, ஜாதகத்திலேயே மோதிரம் இருக்க, மேடைக்காக அதை இன்னொருவரிடம் இரவல் வாங்க வேண்டியதில்லை. சீனத்திலும் இதே கதை இருக்கிறது. 589-இல் சென் அரசு வீழும் தருணத்தில், பிரியப்போகும் இளவரசியும் கணவனும் ஒரு கண்ணாடியை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்கிறார்கள். விளக்குத் திருவிழா அன்று சந்தையில் பாதிக் கண்ணாடி விற்பனைக்கு வரும், அதைப் பார்த்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. உடைந்த கண்ணாடி கூடியது என்பது சீன மொழியில் இன்றும், பிரிந்த தம்பதி சேர்வதைக் குறிக்கும் தொடர்.

ஆகவே யார் ஆரம்பித்தது என்ற கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. கதைக்கு முன்பே வாழ்க்கையில் இந்தப் பழக்கம் இருந்தது. புகைப்படம் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஐந்து வயதில் பிரிந்தவனை இருபத்தைந்து வயதில் முகத்தை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. கிரேக்கர்கள் விருந்து நட்புக்கு அடையாளமாக எலும்பையோ நாணயத்தையோ இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். மகன் காலத்தில் பேரன் காலத்தில் வந்தாலும் பாதியோடு பாதி பொருந்தினால் வீட்டுக்கதவு திறக்கும். அந்தப் பாதிக்கு அவர்கள் வைத்த பெயர் சிம்போலன். ஆங்கிலத்தில் 'சிம்பல்' என்று சொல்கிறார்களே, குறியீடு, அந்தச் சொல் இதிலிருந்து வந்ததுதான்.

சிறந்த கதைசொல்லிகள் பொருளோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொருளைத் திருடலாம், போலி செய்யலாம். அசோகவனத்தில் சீதை அனுமனைப் பார்த்ததும் இராவணன்தான் வேடம் மாறி வந்திருக்கிறான் என்று அஞ்சுகிறாள். வால்மீகியில் அனுமன் இராமனின் அங்க அடையாளங்களையெல்லாம் விவரித்த பிறகுதான் கணையாழியைத் தருகிறான். திரும்ப அனுப்பும்போது சீதை சூடாமணியை மட்டும் கொடுத்துவிடவில்லை. சித்திரகூடத்தில் ஒரு காகம் தன்னைக் கொத்திய நிகழ்ச்சியைச் சொல்லி அனுப்புகிறாள். அது இருவருக்கு மட்டுமே தெரிந்தது. ஒடிசியஸின் மனைவி பெனலபியும் இதைத்தான் செய்தாள். "கட்டிலை வெளியே எடுத்துப் போடு" என்று வேலைக்காரியிடம் சொல்லிப் பார்த்தாள். ஒடிசியஸ் பதறினான்: வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தையே கால் ஆக்கி என் கையால் செய்த கட்டில் அது, அதை யாரால் நகர்த்த முடியும்? அவன் கணவன்தான் என்று அவளுக்கு அந்தப் பதற்றம்தான் சொன்னது.

சினிமாப் பாட்டையும் இந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். 1973-இல் வந்த 'யாதோன் கி பாராத்' படத்தைத் தமிழில் 1975-இல் 'நாளை நமதே' என்று எடுத்தார்கள். குழந்தைகளாக வீட்டில் பாடிய பாட்டு, பிரிந்த மூவரையும் சேர்க்கிறது. பாட்டைப் பறித்துக்கொண்டு போக முடியாது. சட்டைப்பையிலிருந்து தவறி விழாது. ஒருவன் தொடங்கினால் இன்னொருவன் முடிக்க வேண்டும். உடைந்த நாணயத்தின் இரண்டு பாதிகளைவிட நல்ல அடையாளம் அது என்பேன்.

அதற்கு முன்பே, 1952-இல், 'பராசக்தி' பிரிந்த குடும்பத்தின் கதையைச் சொன்னது. ரங்கூனில் இருக்கும் அண்ணன்மார், மதுரையில் இருக்கும் தங்கை, நடுவே உலகப்போர். அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது கற்பனையல்ல. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கானோர் கப்பலிலும் காட்டுவழியிலும் கிளம்பினார்கள். பாதிவழியில் கைவிட்டுப்போன பிள்ளைகளையும் பெற்றோரையும் பற்றிய பேச்சு பத்து வருடம் கழித்தும் பல வீடுகளில் ஓயாமல் இருந்தது. அந்தப் படத்தில் அண்ணன்மாரில் இளையவன் தங்கையைக் கண்டுபிடித்துவிடுகிறான். ஆனால் தானே கந்தலாக நிற்கும் நிலையில் நான்தான் உன் அண்ணன் என்று சொல்ல மனம் வராமல், பைத்தியக்காரன் போல நடித்து அவள் வாசலையே சுற்றுகிறான். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது, தெரிந்துகொள்வதைவிடக் கனமான காட்சி. ஈஸ்கிலஸுக்கும் யூரிபிடீஸுக்கும் காட்டியிருந்தால் அவர்களுக்கும் புரிந்திருக்கும்.

கடைசியாக, கதையல்லாத ஒன்று. லண்டனில் 1741-இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. தாமஸ் கோரம் என்ற கப்பல் மாலுமி பல வருடம் அலைந்து அதற்கு அனுமதி வாங்கினார். குழந்தையை உள்ளே எடுத்ததும் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். தாய் வைத்த பெயர் அத்தோடு போய்விடும். பிறகு ஒருநாள் தாய் திரும்பி வந்தால் எந்தக் குழந்தை அவளுடையது என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒரு அடையாளத்தைப் பதிவுத்தாளோடு சேர்த்து வைத்தார்கள். சிலர் நாணயம் கொடுத்தார்கள். பெரும்பாலும் துணித்துண்டுதான், பிள்ளையின் சட்டையிலோ தாயின் பாவாடையிலோ வெட்டியது. பூப்போட்ட பருத்தி, நாடா, கோடுபோட்ட கம்பளி.

1767-இல் ஒரு தாய் கொடுத்தது, வேறு வேறு துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு சிறு துண்டு. அதில் ஒரு இதயம் பின்னியிருக்கிறது, பாதியாக வெட்டப்பட்ட இதயம். எட்டு வருடம் கழித்து, 1775-இல் அவள் வந்து மகனை அழைத்துக்கொண்டு போனாள்.

1741 முதல் 1760 வரை அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282. அவர்களில் திரும்பப் பெறப்பட்டவர்கள் 152. மற்றவர்களின் துணித்துண்டுகள் பதிவேடுகளில் குண்டூசி குத்தியபடியே இருக்கின்றன. ஏடுகள் மூடியே கிடந்ததால் வெளிச்சம் படவில்லை. சாயம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.